துரைக்குக் கடல் ஸ்நானம்

மயிலாப்பூர்,
20-6-1932

சௌபாக்கியவதி சுலோச்சனாவுக்கு அண்ணி தேவானை எழுதிக்கொண்டது. இவ்விடம் நாயைத் தவிர யாவரும் சுகம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருப்பதற்கு எழுதவும்.

முறைக்கு ஆசீர்வாதம் என்று எழுத வேண்டும். உனக்கும் எனக்கும் ஒரே வயசு, எழுதவே சிரிப்பு வருகிறது. நான் இந்த வீட்டுக்கு மருமகளாய் வந்த மூன்றாம் மாசமே நீ கழுத்தை நீட்டிவிட்டுக் கப்பலேறினாய். போகிறவள் பீரோச் சாவியைக் கொடுத்தாயா, ஒரு பட்டுப்புடவையைக் கொடுத்தாயா? "அண்ணி, துரையப் பாத்துக்கோங்க" என்று நாய்ச் சங்கிலியை என் கையில் திணித்துவிட்டுப் போனாய். காஞ்சீபுரத்தில் எங்கள் வீட்டில் பசு உண்டு, கிளி உண்டு. நாயைக் கண்டால் கல்லெடுக்கத்தான் எனக்குத் தெரியும்.

உன் துரை இப்போது நாள் முழுக்கக் கால் நக்குகிறான். முன்னங்கால் விரல் இடுக்கெல்லாம் சிவந்து, ஈரத்தில் ஊறிப் புண்ணாகிக் கிடக்கிறது. வெள்ளைக் கால் இரண்டும் துருப்பிடித்த நிறமாகிவிட்டன. வயிற்றில் மயிர் கொட்டிவிட்டது. காதைப் படபடவென்று உதறுகிறான், பிறகு சுவரில் முதுகைத் தேய்க்கிறான். நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை என்பார்களே, இவனுக்கு நக்குவதே முழுநேர உத்தியோகம். வேப்பெண்ணெய் தடவினேன், அதையும் நக்கிவிட்டான். மஞ்சள் அரைத்துப் பூசினேன், கூடமெல்லாம் மஞ்சள் காலடி.

பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு சூடாமணி அம்மாள் முந்தாநாள் நடுத்தெருவில் நின்று, "துரைக்குச் சொறி முத்திப் போச்சே, இவன் எப்பத்தான் தொலைவானோ!" என்று கத்த, அந்தப் பக்கம் போன போலீஸ்காரன் நின்று திரும்பிப் பார்த்தான். உன் அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாயிற்றே!

நீ இருந்தவரை அவனுக்கு இப்படி வந்ததுண்டா? வந்தால் என்ன செய்வாய்? உடனே எழுது. நாய் உன்னுடையது, வசவு எனக்கா?

இப்படிக்கு,
தேவானை

*

ரங்கூன்,
4-7-1932

அண்ணி அவர்களுக்கு சுலோச்சனா அநேக நமஸ்காரம். நாங்கள் இருவரும் சுகம். அண்ணன் சுகத்துக்கும் துரையின் கால் சுகத்துக்கும் எழுதுங்கள்.

உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் வேப்பெண்ணெய் வாசனை அடித்தது. கையைக் கழுவாமல் எழுதினீர்களா? மூக்கில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இங்கே எங்கு திரும்பினாலும் மீன் கருவாட்டுச் சாந்து வாசனை. அதற்கு நடுவே நம் வீட்டுக் கூடம் வந்துவிட்டுப் போயிற்று.

அவனுக்கு முன்னே இப்படி வந்ததேயில்லை. இது உடம்புச் சூடுதான், சந்தேகமில்லை. வெள்ளைக்கார ஜாதி, நம் ஊர் வெயில் தாங்குமா? தயிரைக் கூட்டிப் போடுங்கள். மத்தியானம் நீர்மோர் வையுங்கள். மோரில் துணி நனைத்துக் காலிலும் கட்டுங்கள். குளிர்ச்சி உள்ளே போனால் நமைச்சல் தானாய் நிற்கும்.

அப்பா அவனைக் கொண்டுவந்த நாள் உங்களுக்குத் தெரியாது. அப்பாவின் கம்பெனி துரை சீமைக்குக் கிளம்பும்போது அடையாற்றுப் பங்களாவைக் காலி செய்தான். நாற்காலி மேஜை எல்லாம் ஏலம் போயின. குட்டியை ஏலம் கேட்க ஆளில்லை. அப்பா ஒரு சாராயப் பெட்டியில் வைக்கோல் போட்டு, ஜட்காவில் மடியில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டி வந்தார். அம்மா இறந்து ஆறுமாசம் ஆகியிருந்தது. நான் யாரோடும் பேசாமல் இருந்த காலம். "துரை குடுத்தாரு" என்று அப்பா பெட்டியை இறக்கினார். அன்றைக்கு நான் வாயைத் திறந்து கேட்ட முதல் வார்த்தை, "இதுக்குத் தயிர் சாதம் புடிக்குமா?" என்பதுதான்.

இன்னொரு சங்கதி. அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள், எனக்கு வெட்கமாயிருக்கிறது. எனக்கு மூன்றாம் மாசம். புளி கேட்கிறது நாக்கு. இங்கே புளி நன்றாயில்லை.

அன்புள்ள,
சுலோச்சனா

*

மயிலாப்பூர்,
25-7-1932

சுலோச்சனாவுக்கு இந்தத் தடவை நிஜமாகவே ஆசீர்வாதம். படித்ததும் சர்க்கரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உன் அண்ணன் சிரித்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் பேப்பரைத் தூக்கி மூஞ்சியை மறைத்துக்கொண்டார். கொட்டை எடுத்த பழம்புளி ஒரு டின்னில் அடைத்து அனுப்புகிறோம். கனம் தூக்காதே, மாடிப்படியில் ஓடாதே.

உன் வைத்தியத்தைச் செய்தேன். காலையில் தயிர் சாதம், மத்தியானம் மோர், சாயங்காலம் திரும்பத் தயிர் சாதம். காலுக்கு மோர்க் கட்டு. இப்போது நான்கு காலும் ரணம். காதுக்குள் நாற்றம். நடக்கும்போது நொண்டுகிறான். சூடு தணியவில்லையே, இன்னும் தயிர் போதவில்லை போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டிலும் கடன் வாங்கிப் போட்டேன்.

உன் அண்ணன் அவனை ஜட்காவில் வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். டாக்டர் தோலைச் சுரண்டிப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாராம். "சொறிப் பூச்சி ஒன்றும் இல்லை. இவனுக்கு ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை. என்ன தீனி போடுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். உன் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சுத்த சைவம் சார். தயிர் சாதந்தான்" என்றாராம். டாக்டர் சிரித்துவிட்டு, "தீனியை மாற்றிப் பாருங்கள்" என்றாராம். வீட்டுக்கு வந்து உத்தரவு போட்டார்: "நாளையிலிருந்து தயிர் சாதம் வேண்டாம். பால் சாதம்."

பால் சாதத்தையும் தின்று தீர்த்தான். நக்குவது நிற்கவில்லை.

இனிமேல் சொல்லப் போவதற்கு நீ அழக்கூடாது. உன் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. நவராத்திரிக்கு நாலு பேர் வரும் வீடு, வாசலில் சீழ் வடிகிற நாயா என்கிறார். ஆயுத பூஜைக்குள் ஆறாவிட்டால் நாய் பிடிக்கிற வண்டிக்காரனைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவாராம். நான் சண்டை போட்டேன். "உனக்கென்ன வந்தது? நீதான அவனுக்குக் கல்லெடுத்தவ?" என்கிறார்.

தேவானை

*

ரங்கூன்,
8-8-1932

அண்ணிக்கு நமஸ்காரம். புளி வந்தது. டின்னைத் திறந்து வெறும் வாயில் தின்றேன். இவர் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

அண்ணன் சொன்னால் செய்துவிடுவான். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். அண்ணி, உங்கள் காலில் விழுகிறேன், அவனை வண்டியில் ஏற்ற விடாதீர்கள். அம்மா போனாள், அப்பா போனார். அந்த வீட்டில் என்னை எதிர்பார்த்து வாசலில் படுத்திருக்க அவன் ஒருவன்தான் மிச்சம். அவனும் இல்லையென்றால் பிரசவத்துக்கு அங்கே வருவதற்குக்கூட எனக்கு மனசு வராது.

அப்பா லஸ் முனையில் டிராமிலிருந்து இறங்கும் நேரம் அவனுக்குத் தெரியும். நான் கதவைத் திறந்தால் முன்னே ஓடுவான். பத்து டிராம் போகும், அசைய மாட்டான். அப்பா இறங்குகிற டிராம் திரும்பும்போதே எழுந்துவிடுவான். எப்படித் தெரியும் என்று அப்பா எத்தனையோ தரம் கேட்டார். எனக்கும் தெரியாது. அப்பா போன பிறகும் சில நாள் போய் உட்கார்ந்தான். நான்தான் சங்கிலி போட்டு இழுத்து வந்தேன்.

கந்தகம் கலந்த தேங்காயெண்ணெய் போட்டுப் பாருங்கள். குப்பைமேனியும் உப்பும் கசக்கிப் போடுங்கள். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், அவனைக் காப்பாற்றிக் கொடுங்கள்.

சுலோச்சனா

*

மயிலாப்பூர்,
30-8-1932

அடி கள்ளி!

ஆசீர்வாதம், சுகம் எல்லாம் பிறகு. முதலில் இதைப் படி.

இந்த மாச ஆரம்பத்தில் துரை சங்கிலியைக் கழற்றிக்கொண்டு ஓடிவிட்டான். உன் அண்ணன் "சனி விட்டது" என்று காபி கேட்டார். எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உனக்கு எழுதவும் பயம். பிள்ளைத்தாய்ச்சியிடம் என்னத்தைச் சொல்ல? பத்து நாளுக்கு மேல் ஆகி, அவன் செத்தே போனான் என்று நான் தீர்மானித்த பிறகு, பால்காரன் வந்து, "தேன் கலர் நாயா? நொச்சிக்குப்பத்துல கட்டுமரத்து நிழல்ல படுத்துக்கினு கீதும்மா" என்றான்.

சூடாமணி அம்மாளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனேன். மீன் நாற்றத்துக்கு இருவரும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டோம். உன் துரை ராஜா மாதிரி மணலில் படுத்துக்கிடந்தான். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா. பேர் முத்தம்மாவாம். கூடையிலிருந்து மத்தி மீனை எடுத்துப் போடுகிறாள், இவன் அந்தரத்தில் பிடிக்கிறான்.

"இன்னாம்மா அப்டிப் பாக்கறீங்க? இது சுலோச்சனாம்மா நாயாச்சே!" என்றாள்.

"உனக்கு சுலோச்சனாவைத் தெரியுமா?"

"இன்னா அப்டிக் கேட்டுட்ட? தெனம் சாயங்காலம் இத்த இட்டுக்கினு வரும். இது மீன் துன்னும், அது அலைல கால நனச்சிக்கினு நிக்கும். இப்ப எங்க கீது?"

ரங்கூன் என்றேன். "அய்ய, அவ்ளோ தூரமா!" என்று வாயில் கை வைத்துக்கொண்டாள். வீட்டில் தயிர் சாதம் போடுவதைச் சொன்னேன். இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "தயிர்சோறு துன்னுக்கினு கெடக்க அது இன்னா சாமியாரா?"

சைவ முதலியார் வீட்டுப் பெண்ணே! நாலு தலைமுறையாய் முட்டை ஓடுகூடத் தாண்டாத வாசல் என்று உன் அண்ணன் என்னிடம் பீற்றிக்கொள்கிற வாசலிலிருந்து, தினம் சாயங்காலம் நீ மீன் விருந்துக்கா போய்க்கொண்டிருந்தாய்? சூடாமணி அம்மாளுக்கு மயக்கம் வராத குறை. ஒருவரிடமும் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

ஒரு விஷயம் மட்டும் கேலியில்லை. அவன் காலைத் தூக்கிப் பார்த்தேன். புண்ணெல்லாம் காய்ந்திருக்கிறது. விரல் இடுக்கு வெள்ளை வெளேரென்று இருக்கிறது. நான் மூன்று மாசம் பார்த்த வைத்தியத்துக்கு ஆறாதது, வீட்டை விட்டு ஓடி ஆறியிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அழைத்து வந்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள். குழந்தை உதைக்கிறதா?

தேவானை

*

மயிலாப்பூர்,
12-10-1932

சுலோச்சனாவுக்கு அண்ணி ஆசீர்வாதம். இவ்விடம் நாய் உள்பட யாவரும் சுகம்.

ஆவணியில் எழுதிய கடிதத்துக்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கள்ளி என்று எழுதியது கோபமா? நாத்தனாரை இவ்வளவுகூடக் கேலி செய்யாவிட்டால் நான் என்ன அண்ணி? கோபமாயிருந்தால் வைதாவது எழுது. கணக்குப்படி ஆறாம் மாசம் முடிகிறதே. வளைகாப்பு அங்கேயா இங்கேயா? கண்ணாடி வளையல் நான் பார்த்து வைத்துவிட்டேன்.

துரையின் கதையைக் கேள். குப்பத்திலிருந்து அழைத்து வந்து பழையபடி தயிர் சாதம் போட்டேன். இரண்டே நாளில் விரல் இடுக்கு சிவந்தது, நக்க ஆரம்பித்தான். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஐயோ பாவி, அவனுக்கு ஒத்துக்கொள்ளாததே தயிர்தான்! சூடு சூடு என்று நீ அங்கிருந்து எழுத, நான் இங்கே கரண்டி கரண்டியாய் ஊற்றிப் புண்ணைக் கொழுக்க வைத்திருக்கிறேன். உன்னிடம் இருந்தபோது குப்பத்தில் வயிறு ரொம்பிவிடும், வீட்டுத் தயிரை முகர்ந்துவிட்டு வந்திருப்பான். பாலும் மோரும் நிறுத்தினேன். வெறும் சாதத்தில் பருப்புத் தண்ணீர் விட்டுப் பிசைந்து போட்டேன். சாயங்காலம் குப்பத்தில் முத்தம்மாவிடம் மீன். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் நிற்காமல் துணியால் ஒற்றிவிடுகிறேன். மயிர் முளைத்துவிட்டது. ஆயுத பூஜைக்கு உன் அண்ணன் தன் பேனாவுக்கும் பெட்டிக்கும் சந்தனம் வைத்தவர், போகிற போக்கில் துரை நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார். வண்டிக்காரன் பேச்சே இல்லை.

அவரிடம் தயிரைச் சொன்னேன். மீனைச் சொல்லவில்லை. "கடல் ஸ்நானம்தான் மருந்து. தினம் சாயங்காலம் உப்புத் தண்ணீரில் கால் நனைய வேண்டும்" என்று சொல்லிவைத்திருக்கிறேன். மருந்து என்றதும் ஒத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்? இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். கோயில், கிணற்றடி, அடுப்படி. கூப்பிடு தூரத்தில் கடல் இருக்கிறது, எனக்குக் காட்ட ஆளில்லை. "பொம்பள தனியா அங்க எதுக்கு?" என்பார். இப்போது நாய்ச் சங்கிலி கையில் இருந்தால் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சாந்தோம் தெரு தாண்டி அந்தக் காற்று மூஞ்சியில் பட்டதும் எனக்கு அழுகை வருகிறது, சிரிப்பும் வருகிறது. அலையில் கால் வைத்து நின்றால் நான் யாருக்கும் மருமகளும் இல்லை, பெண்டாட்டியும் இல்லை. காலையில் எழுந்திருக்கும்போதே சாயங்காலத்தை நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன். நீ ஏன் தினம் போனாய் என்று இப்போது தெரிகிறது.

பதில் எழுது. எழுதாவிட்டால் அழுதுவிடுவேன்.

தேவானை

*

ரங்கூன்,
5-11-1932

அண்ணிக்கு சுலோச்சனா நமஸ்காரம். அண்ணன் சுகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. கோபமில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தேன். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டேன். வளையலை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம்.

முத்தம்மா என்னை நினைத்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். கட்டுமரம் கரையேறும்போது அவள் கத்துகிற கத்தல் காதில் இருக்கிறது. மணல் காலுக்கடியில் நழுவும். துரை அலையைப் பார்த்துக் குரைப்பான், அலை வந்தால் என் பின்னால் ஒளிந்துகொள்வான். நாயை நடத்திவிட்டு வருகிறேன் என்று சொன்னால் அப்பாவும் ஒன்றும் கேட்க மாட்டார்.

இங்கே மூன்றாம் மாடி. இவர் காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருகிறார். பேசுவதற்குப் பாஷை தெரியாது. ஜன்னலுக்கு எதிரே சுவர்.

துரையை எனக்கு அனுப்பிவிடுங்கள், அண்ணி. கப்பலில் நாயைக் கொண்டுவரலாமாம். இவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். மாடிப்படியில் அவன் நகச் சத்தமாவது எனக்குக் கேட்கட்டும். தயிர் போட மாட்டேன்.

சுலோச்சனா

*

மயிலாப்பூர்,
22-11-1932

சிரஞ்சீவி சுலோச்சனாவுக்கு தணிகாசலம் ஆசீர்வாதம். க்ஷேமம். மாப்பிள்ளைக்கு என் வந்தனம்.

விஷயம் தெரிந்தது. ஆண்டவன் செயல். வேளாவேளைக்குச் சாப்பிடு.

நாய் விஷயம். நம் தெரு முருகையன் தை மாசக் கப்பலில் ரங்கூன் வருகிறான். அழைத்துவரச் சம்மதித்துவிட்டான். நாய் பூரண சௌக்கியம். ஒரு புண் இல்லை, மயிர் மினுமினு என்றிருக்கிறது. தேவானை மட்டும் இன்னும் நமைச்சல் இருக்கிறது, கடல் ஸ்நானம் நிறுத்தக்கூடாது என்கிறாள். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் பத்து நாளாகச் சரியாகப் பேசுவதில்லை. என்ன என்று கேட்டால் தலைவலி என்கிறாள்.

தணிகாசலம்

*

மயிலாப்பூர்,
27-12-1932

சுலோச்சனாவுக்கு அண்ணி தேவானை ஆசீர்வாதம். உன் உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். நீ கேட்காதே என்றாய், கேட்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று நான் அடுப்பு மூட்டவில்லை. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பதில் எழுத இவ்வளவு நாளானதற்கு மன்னிக்கவும். மார்கழி மாசம், விடியற்காலையில் கோலம், கோயில், பொங்கல் என்று வேலை சரியாயிருக்கிறது.

துரையைப் பற்றி. அவனுக்குத் திரும்பவும் வந்துவிட்டது. கால் நான்கும் சிவந்துவிட்டன. முன்னைவிட மோசம். நடக்கவே முடிவதில்லை, தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. இந்த நிலையில் கப்பலில் நாலு நாள் கூண்டுக்குள் போட்டால் உயிரோடு வந்து சேருவானா? அங்கே தண்ணீர் எப்படியோ, காற்று எப்படியோ, அவனுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. முருகையனுக்கு நாய் என்றால் பயமும்கூட. அதனால் இந்தத் தடவை வேண்டாம் என்று தோன்றுகிறது. ஆறட்டும், பிறகு பார்க்கலாம். நீ வருத்தப்படாதே.

முத்தம்மா உன்னைக் கேட்டாள். நேற்று குப்பத்தில் ஒரே கூத்து. கரையேறின கட்டுமரத்தில் ஒரு நண்டு இருந்தது. அதைத் துரத்திக்கொண்டு துரை சாந்தோம் பக்கம் வரைக்கும் ஒரே ஓட்டம். நானும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பிடிக்கவே முடியவில்லை. குப்பத்து ஜனம் முழுக்கச் சிரித்தது. கல்யாணத்துக்கு அப்புறம் நான் ஓடினது அதுதான் முதல் தடவை.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தேவானை

*

ரங்கூன்,
14-1-1933

அண்ணி அவர்களுக்கு சுலோச்சனா நமஸ்காரம். பொங்கல் பால் பொங்கிற்றா? நானும் இங்கே ஒரு சின்ன வெண்கலப் பானையில் வைத்தேன். இவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். இரண்டு பேரும் சுகம்.

நடக்கவே முடியாத நாய் நண்டைத் துரத்திக்கொண்டு சாந்தோம் வரைக்கும் ஓடிற்றா? பொய் சொல்லக் கொஞ்சம் பழக வேண்டும், அண்ணி. ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதலாமா? போதாததற்கு அண்ணன் வேறு, நாய் பூரண சௌக்கியம் என்று முன்னாலேயே கார்டு போட்டுவிட்டான்.

மறைக்கவில்லை, எனக்கு ஆத்திரம் வந்தது. என் நாயை வைத்துக்கொண்டு எனக்கே பொய்யா, அதுவும் இந்தச் சமயத்தில், என்று உங்கள் கடிதத்தைக் கசக்கிப் போட்டேன். அழுதேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பிரித்து நீவினேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு நீங்கள் ஓடினதைப் படித்தேன். திரும்பத் திரும்ப அதையே படித்தேன். கடைசியில் சிரித்துவிட்டேன், அண்ணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான். இவர் பயந்துபோய்ச் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

துரை வர வேண்டாம். முருகையனிடம் சொல்லிவிடுங்கள். அவனை இங்கே கொண்டுவந்தால் அவனுக்கும் கடல் போய்விடும், உங்களுக்கும் போய்விடும். எனக்கு மட்டும் வந்துவிடுமா? அண்ணனுக்குத் தனியாக எழுதுகிறேன். அது லேசில் ஆறுகிற சொறி இல்லை, வெளியே தெரியாமல் உள்ளே இருக்கும், ஆயுசு முழுக்கக் கடல் ஸ்நானம் நிறுத்தவே கூடாது என்று ரங்கூனில் பெரிய நாய் டாக்டர் சொன்னதாக எழுதிவிடுகிறேன். ரங்கூன் டாக்டர் என்றால் அண்ணன் நம்புவான். அந்தச் சொறி ஆறாமல் நீங்கள் தீர்க்காயுசாய் இருக்க வேண்டும்.

போன வாரம் தெருக்குட்டி ஒன்று மூன்று மாடியும் ஏறி வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்துகொண்டது. சாதம் வைத்தேன், போக மாட்டேன் என்கிறது. துரைக்குச் சரி என்றவர்தானே, இவர் இதற்கும் சரி என்றுவிட்டார். ஊருக்கு நடுவே பெரிய ஏரி ஒன்று இருக்கிறதாம், கரை முழுக்க மரமாம், சாயங்காலம் ஜனங்கள் உலாவுவார்களாம். நான் இன்னும் பார்க்கவில்லை. பெண்பிள்ளை தனியாக எதற்கு என்கிறார்.

குட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். கால் சுத்தம், காது சுத்தம், தோலில் ஒரு பொட்டு இல்லை. அதுதான் இப்போது என் கவலை. தினம் ஏரிக்கரைக்கு நடந்தால் மட்டுமே தீரும்படி ஒரு வியாதியாகப் பார்த்து, உங்கள் கையால், இவர் பேருக்கே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள், அண்ணி. சீக்கிரம்.

சுலோச்சனா